கட்டடம் இருக்கிறது, நூலகர் எங்கே?

அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறித் திருச்சுழி வழியாக நரிக்குடி வரை போய்ப் பாருங்கள். சாலையின் இருபுறமும் கரிசல் காடு. மழை பெய்த ஆண்டில் கண்மாயில் தண்ணீர் கிடக்கும். பொய்த்த ஆண்டில் சீமைக் கருவேலம்தான் மண்டிக் கிடக்கும். ஊர் வந்ததும் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டியோ பள்ளிக்கூடத்துக்கு எதிரிலோ ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று தென்படும். நெற்றியில் ‘நூலகம்’ என்று எழுதியிருக்கும். இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் பூட்டுத் தொங்குவதைத் தமிழ்நாடு முழுவதும் காணலாம். உள்ளே அலமாரியில் தூசியும் கரையானும். மூலையில் வந்த நாள் முதல் கட்டுப் பிரிக்காத புத்தகங்கள்.

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், மாநிலத்தின் 12,618 ஊராட்சிகளுக்கும் ஊருக்கொரு நூலகம் தர முனைந்தது. மிக நல்ல எண்ணம். ஆனால் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பணம் ஒதுக்கிய திட்டம், அந்தக் கதவைத் தினமும் திறந்து நடத்த வேண்டிய மனிதருக்குச் சிறு மதிப்பூதியத்தை மட்டுமே ஒதுக்கியது. அந்தத் தொகைக்கு ஆள் நிலைக்கவில்லை. ஆள் போனதும் பூட்டு வந்தது.

இதே வட்டாரத்தில்தான் நூலக அறிவியல் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, முதலில் ஏதோ ஒரு பட்டம், பிறகு ஓராண்டு பி.லிப்., அதற்குமேல் ஓராண்டு எம்.லிப். என்று ஏறி வந்தவர்கள். நேரடி வகுப்பு வேண்டுமானால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டும். வசதி இல்லாதவர்கள் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பேருந்துக் காசு தேடிப் படிக்கிறார்கள். படித்து முடித்தபின், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார்கள். தனியார் பள்ளியில் கிடைத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

ஒரு பக்கம் பூட்டிய நூலகம், மறுபக்கம் வேலையில்லாத நூலகர். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியது அரசின் கடமை. ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒரு நிரந்தர நூலகரை நியமித்து, அந்த ஒன்றியத்தின் அத்தனை ஊர் நூலகங்களையும் அவர் பொறுப்பில் விட வேண்டும். அதை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஆகிய நான்கு ஒன்றியங்களில் தொடங்க வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

‘புத்தகம் எடுத்துக் கொடுக்க முதுநிலைப் பட்டம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு தமிழர் தம் வாழ்க்கையால் பதில் சொல்லிவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சில நாளிலேயே அந்த வேலை அவருக்குச் சலித்துப்போனது. என்னைத் திரும்பக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் சென்று பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகக் கல்வி பயின்றார். குராய்டன் நகர நூலகத்தில், குழந்தைகளும் தொழிலாளிகளும் உரிமையோடு வந்து படிப்பதைக் கண்டார். 1925இல் திரும்பியவர் வேறு மனிதர். அதன் பிறகு 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1931இல் ஐந்து நூலக விதிகள், 1933இல் கோலன் பகுப்பு முறை என்று உலகமே கற்கும் ஒரு துறையை உருவாக்கினார். சலிப்புத் தட்டிய வேலையை ஓர் அறிவியலாக அவருக்குக் காட்டியது, முறையான படிப்புத்தான். அதே படிப்பைத்தான் இன்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்தப் படிப்பு என்ன செய்யும் என்பதை நம் ஊர்த் தொழிலை வைத்தே பார்க்கலாம். மானாவாரிக் காட்டில் பருத்தி விளைகிறது. தறியில் அது துணியாகிறது. இடையில் நூலுக்குச் சாயம் ஏறுகிறது. நெசவாளிக்கு இது ஒரே தொழிலின் மூன்று படிகள். ஆனால் நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டியூயி பகுப்பு முறையில் இவை மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும். பருத்திச் சாகுபடிக்கு 633.51, துணி உற்பத்திக்கு 677, சாயமேற்றுதலுக்கு 667. நெசவு அலமாரியில் தேடுகிறவருக்குச் சாயம் பற்றிய நூல் கிடைக்காது. அது பத்து எண் தள்ளி, வேறொரு தட்டில் இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் ‘அந்தப் புத்தகம் இங்கே இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். பயிற்சி பெற்றவர் பட்டியலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதி வைத்திருப்பார். பருத்தி நூலைப் ‘பருத்தி’ என்ற தலைப்பில் மட்டும் பதியாமல் ‘மானாவாரி’ என்ற தலைப்பிலும் பதிந்திருப்பார். ஏனென்றால் நம் சம்சாரி மானாவாரி என்றுதான் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று ரங்கநாதன் வகுத்தது இதைத்தான்.

சேர்க்கைப் பதிவேட்டில் எண் போடுவது, முதுகில் அழைப்பெண் ஒட்டுவது, ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பது ஆகியவை கீழ்ப்படி வேலைகள். முதுநிலைப் படிப்பு அதற்கு மேலே போகிறது. ஒரு வட்டார மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று ஆய்ந்தறிவது, நூலகங்களை ஒன்றோடொன்று இணைப்பது, பழைய ஆவணங்களைப் பாதுகாத்து எண்ணிம வடிவில் ஏற்றுவது, நூலகத்துக்கு நிதித் திட்டம் போடுவது ஆகியவை அதன் பாடங்கள். ஐம்பது ஊர்களின் நூலகங்களைச் சேர்த்து ஒரே அமைப்பாக நடத்த இந்தக் கல்வி வேண்டும்.

கரிசல் பூமிக்கு இதில் தனித் தேவை ஒன்றும் உண்டு. இந்த மண்ணின் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியவர் இடைசெவல் கி.ராஜநாராயணன். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஓர் எழுத்தாளர் தம் முனைப்பில் தொடங்கி வைத்தார். அவருக்குப் பின் அந்த வேலையை ஊர்தோறும் தொடர்பவர் யார்? கண்மாய்க் கணக்குகள், நெசவுக் குடும்பங்களின் பழைய பேரேடுகள், பரண்மீது கிடக்கும் ஓலைச்சுவடிகள், ஊர்ச் சபைத் தீர்மானங்கள் ஆகியவை ஒவ்வொரு வீடு இடிக்கும்போதும் குப்பைக்குப் போகின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் காப்பாற்றப்பட்டு, இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றியது ஆர்வத்தோடு சேர்ந்த நூலகத் தொழில் அறிவு. அந்த அறிவுள்ள ஒருவர் திருச்சுழியில் இருந்தால் நம் பரண்களும் பிழைக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதுதான். அதன்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் ஒவ்வொருவரும் கட்டுகிறோம். அருப்புக்கோட்டைத் தறிக்காரரும் கட்டுகிறார். நரிக்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். இந்த வரியை வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற குறை பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. நூலகத்துக்கென்று மக்கள் கொடுத்த காசு நூலகத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் வசூலித்த நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்ற கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

‘கைபேசியில் எல்லாம் வந்துவிட்டது, நூலகம் எதற்கு?’ என்ற வாதமும் எழுகிறது. கைபேசியில் எல்லாமே வருகிறது என்பதுதான் சிக்கல். போலி வேலைவாய்ப்பு அறிவிப்பும் உண்மையான அறிவிப்பும் ஒரே திரையில் வருகின்றன. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்று வேண்டும் என்று தெரியாமல் இடைத்தரகரிடம் காசு கொடுப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சரியான தகவல் எது என்று பிரித்துக் காட்ட, கட்டணம் கேட்காத ஒருவர் ஊரில் வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு, வீட்டில் கிடைக்காத அமைதியான மேசையும் மின்விளக்கும் வேண்டும். 2018இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 112 முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரமும் விருதுநகரும். கல்வியில் கூடுதல் கவனம் நம் விருதுநகர் மாவட்டத்துக்கு உரிமையாகவே வர வேண்டியது.

சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. அப்போது பள்ளிக் கல்வித் துறை அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து தேர்வானவர் என்பதில் இந்த மண்ணுக்குப் பெருமை உண்டு. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். ஆனால் பரளச்சியிலிருந்தோ வீரசோழனிலிருந்தோ ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். பெரிய கண்மாய் நிரம்பினால் போதாது. மடை வழியே தண்ணீர் கடைசி வயல் வரை போய்ச் சேர வேண்டும்.

ஒன்றிய நூலகர் நியமனத்தோடு வேறு மூன்றும் நடக்க வேண்டும். ஒன்று, நூலகத் துறையின் காலிப் பணியிடங்களைக் கணக்கிட்டு, அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியே ஆண்டுதோறும் தவறாமல் நிரப்ப வேண்டும். எப்போது அறிவிப்பு வரும் என்றே தெரியாத துறைக்குத் திறமையான பிள்ளைகள் வரமாட்டார்கள். இரண்டு, காலமுறை ஊதியம் கேட்டு நெடுநாளாகக் காத்திருக்கும் ஊர்ப்புற நூலகர்களின் கோரிக்கையை ஏற்று, சான்றிதழ்ப் படிப்போடு நிற்பவர்கள் பணியில் இருந்தபடியே முதுநிலை வரை படிக்கக் கட்டணமும் விடுப்பும் தர வேண்டும். மூன்று, பல்கலைக்கழகங்கள் தங்கள் எம்.லிப். மாணவர்களின் களப்பயிற்சிக்கு இந்த ஊர் நூலகங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஒன்றியத்தின் நூல்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக்குவது மாணவர்களுக்கு நல்ல பாடம். மக்களுக்கு நிலைத்த பயன். இதற்கு மென்பொருள் வாங்கவும் செலவில்லை. உலகெங்கும் நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ‘கோஹா’ மென்பொருள், நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்ற சிறு வட்டாரத்தின் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. ஒரு நாட்டுப்புற நூலகம் உலகுக்குக் கொடுத்ததைப் பெற்றுக்கொள்ள நமக்கு வேண்டியது, அதை இயக்கத் தெரிந்த நூலகர்.

ஊருக்கொரு முழுநேர நூலகர் உடனே இயலாது என்றால், புத்தகம் வண்டியில் போகட்டும். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதனே அதைத் தொடங்கி வைத்தார். மாட்டுவண்டியில் முடிந்தது இன்று ஒரு சிற்றுந்தில் முடியாதா?

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சேருமுன், அந்தத் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகராக முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவைப்படும். அதற்கு முதல் ஆண்டிலிருந்தே தயாராகுங்கள். படிக்கும் காலத்திலேயே உங்கள் ஊரின் பூட்டிய நூலகத்துக்கு ஊராட்சித் தலைவரிடம் சாவி கேளுங்கள். மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். இது அரசின் பொறுப்பைக் குறைப்பதற்காகச் சொல்வது ஆகாது; நீங்கள் கற்ற தொழில் எத்தனை பயனுள்ளது என்பதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்வது.

ஆகஸ்ட் 12ஆம் நாளை ரங்கநாதனின் நினைவாகத் தேசிய நூலகர் நாள் என்று கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம்; விழா நடத்துகிறோம். வருகிற ஆகஸ்ட் 12க்குள் இந்த நான்கு ஒன்றியங்களுக்கும் நான்கு நூலகர்களை நியமித்து ஆணை வெளியிடுங்கள். மாநிலம் தழுவிய ஒரு துறைக்கு நான்கு பணியிடம் பெரிய சுமையாகாது. கரிசல் காட்டில் பூட்டிக் கிடக்கும் கதவுகள் திறக்க அது போதும்.