குளிசை மட்டும் போதுமா?

"உப்பைக் குறையுங்கோ, குளிசையை ஒழுங்காகப் போடுங்கோ." இருதயம் பலவீனமடைந்து ஆஸ்பத்திரியில் இருந்த வயோதிபக் கமக்காரர் ஒருவருக்கு, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லப்பட்டது இவ்வளவுதான். அவர் அதைத் தட்டவில்லை. கறிக்குப் போடும் உப்பைப் பாதியாகக் குறைத்தார். ஆனால் இடம்பெயர்ந்த நாள் முதல் அந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கருவாடுதான் கறி. கருவாட்டில் இருப்பதும் உப்புத்தான் என்று அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குள் கால் வீங்கி, மூச்சு முட்டி, மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். "சொல்வழி கேளாத மனுசன்" என்ற ஏச்சும் அவருக்குக் கிடைத்தது.

அவர் சொல்வழி கேளாதவர் அல்லர். முழுவதும் சொல்லிக் கொடுக்கப்படாதவர். நீண்டகால இருதய நோயாளிக்கு மருந்து கொடுப்பது பாதி வேலையே. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள அவருக்குக் கற்பிப்பது மறுபாதி. அதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக நாம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே என் கருத்து.

இருதயச் செயலிழப்பு என்றதும் இருதயம் நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. தோட்டத்துக்கு இறைக்கும் மெசின் பழுதடைந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதுபோல, இருதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறையும்போது உடம்பு களைக்கிறது. உப்பும் நீரும் வெளியேறாமல் காலிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகின்றன. மாரடைப்பு, கவனிக்காமல் விட்ட பிரஷர், சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் என்பன இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலும் இது முற்றாக மாறிவிடும் நோயல்ல. ஆனால் கட்டுப்படுத்தி வாழக்கூடிய நோய்.

நோயாளி கற்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, நிறை பார்ப்பது. தினமும் காலையில் சலம் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரியான உடுப்புடன் நிறுத்து, கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். வீக்கமும் இளைப்பும் முற்றுமுன் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது, உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, ரின் மீன், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், நூடில்ஸ் பைக்கற்றில் வரும் தூள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், இளநீர் குடிக்கலாமா என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

மூன்றாவது, குளிசை. சுகமாக இருக்கிறதென்று நிறுத்தக்கூடாது; அந்தச் சுகத்தைத் தருவதே குளிசைதான். நீர் போகும் குளிசை போடுபவருக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ ஏற்பட்டால், அதைத் தொடர்வதா என்று உடனே விசாரிக்க வேண்டும். இடுப்பு வலிக்கென்று கடையில் இப்யூபுறூபன், டைக்குளோபினாக் வாங்கிப் போடுவது ஆபத்து. அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்திருக்க வேண்டி வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். சும்மா இருக்கும்போதும் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

"பாமர மக்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வானத்தைப் பார்த்து விதைக்கவும், குளத்து நீரை அளந்து போகத்துக்குப் போதுமா என்று முடிவு செய்யவும் தெரிந்தவர்களுக்குத் தராசு முள்ளைப் பார்க்கத் தெரியாதா? 1995இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 இருதய நோயாளரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தாதியின் தலைமையில் நோய், உணவு, மருந்து பற்றிக் கற்பித்து, வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை மட்டும். 90 நாட்களில், வழமையான சிகிச்சை பெற்றவர்கள் 94 தடவை மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கற்பிக்கப்பட்டவர்கள் 53 தடவையே. முதியவர்களாலும் கற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் "உன்னை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லி ஆஸ்பத்திரிகள் கைகழுவவும் கூடாது. மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். கிளினிக்குக்குப் போக பஸ் வேண்டும். நிவாரணமாகக் கருவாடும் ரின் மீனும் மட்டுமே தருவோர், நோயாளி உள்ள வீட்டுக்குப் பருப்போ பயறோ மாற்றிக் கொடுக்கலாம். கற்பிக்கும்போது நோயாளியுடன் அவர் வீட்டில் சமைப்பவரையும் கூப்பிட்டு இருத்த வேண்டும். உப்புப் போடும் கை அவருடையதல்லவா?

நாமும் செய்யக்கூடியவை உண்டு. ஓடிய அவசரத்தில் கிளினிக் கொப்பியை விட்டுவந்து, என்ன குளிசை போட்டோம் என்று சொல்லத் தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். வீட்டுக்கு வீடு தராசு வாங்க எங்களிடம் வசதியில்லை. மாதர் சங்கம் ஒரு தராசை வாங்கி, நோயாளிகள் காலையில் நடந்துபோய் நிறுக்கக்கூடிய ஒரு வீட்டில் வைக்கலாம். எழுதத் தெரியாத முதியவரின் நிறையைப் பாடசாலைப் பிள்ளை ஒன்று கொப்பியில் குறித்துக் கொடுக்கலாம்.

காணியையும் கால்நடையையும் விட்டு வந்த எங்களுக்கு எஞ்சியிருப்பது உடம்பு ஒன்றுதான். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, குளிசையை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பாதீர்கள். "ஐயா, நான் வீட்டில் என்ன செய்ய வேணும்? விளங்கச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.