எலும்பைச் சட்டையாக்கிய படம்

‘ப்ரொமீதியஸ்’ படத்தைத் திட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான காரணத்துக்காகத் திட்டுகிறார்கள். கேள்விகளைக் கிளப்பிவிட்டுப் பதில் சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்களாம். என் புகார் நேர் எதிர். சொல்லவே கூடாத ஒரு பதிலை அந்தப் படம் சொல்லிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1979இல் ரிட்லி ஸ்காட் ‘ஏலியன்’ என்று ஒரு படம் எடுத்தார். தாதுப்பொருள் ஏற்றிக்கொண்டு பூமிக்குத் திரும்பும் ஒரு சரக்குக் கப்பல், அதில் 7 பேர். வழியில் ஓரிடத்தில் இறங்குகிறார்கள். ஒரு ஜந்து கப்பலுக்குள் வந்துவிடுகிறது, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கதை அவ்வளவுதான். 33 வருடம் கழித்து, 2012இல், அதே ஸ்காட் அதற்கு முன்கதையாக எடுத்ததுதான் ‘ப்ரொமீதியஸ்’. 10 கோடி டாலருக்கு மேல் செலவு, 40 கோடி டாலருக்கு மேல் வசூல். நான் திட்டுவதால் யார் வீட்டு அடுப்பும் அணையப் போவதில்லை.

முதல் படத்தில் ஒரு காட்சி. மூன்று பேர் ஓர் அன்னியக் கப்பலுக்குள் நுழைகிறார்கள். நடுவே தொலைநோக்கி மாதிரி பிரமாண்டமான ஒரு கருவி. அதோடு சேர்ந்த ஆசனத்தில் ஒரு பிரேதம். யானை அளவுக்கு இருக்கிறது. எத்தனை காலம் ஆயிற்றோ, கல்லாகிப் போய்விட்டது. ஆசனத்திலிருந்தே முளைத்தது போல, உடம்பு எங்கே முடிகிறது ஆசனம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஓவியர் கீகரின் கைவண்ணம் அது. இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்காட் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே சின்ன அளவில் விண்வெளி உடை மாட்டி அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். அது யார், எந்த ஊர், எங்கே போய்க்கொண்டிருந்தது? படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று பேருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

‘ப்ரொமீதியஸ்’ என்ன சொல்கிறது தெரியுமா? அது எலும்பே இல்லையாம். சட்டையாம்! தலைக்கவசத்தைக் கழற்றினால் உள்ளே நம்மைப் போலவே ஒரு மனிதன். கொஞ்சம் உயரம் அதிகம், வெள்ளை வெளேரென்று தோல், வழுக்கைத் தலை, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்த மாதிரி புஜங்கள். மரபணுவைச் சோதித்தால் நம்முடையதோடு ஒத்துப்போகிறது. நம்மைப் படைத்தவர்களே அவர்கள்தானாம். பிறகு ஏனோ மனம் மாறி நம்மை அழிக்கவும் கிளம்பினார்களாம்.

“அது வேறு கிரகம், இது வேறு கிரகம், அந்த ஆசாமி வேறு, இந்த ஆசாமி வேறு” என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிரகம் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆசனம், அதே வடிவக் கப்பல், அதே தும்பிக்கை மாதிரியான முகமூடி. இனி பழைய படத்தைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கல்லான பூதம் கண்ணில் தெரிவதில்லை, உள்ளே இருக்கும் வழுக்கைத் தலைதான் தெரிகிறது. “பிடிக்கவில்லையா, பழைய படம் பத்திரமாகத்தானே இருக்கிறது” என்பதும் சரிப்படாது. வித்தைக்காரன் முடிச்சை அவிழ்த்துக் காட்டியபிறகு அதே வித்தையை இன்னொரு தரம் ரசித்துவிட முடியுமா?

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் உண்டு. முதல் படத்தின் பயமே, இந்த அண்டத்தில் மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான். நமக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு ஜீவன்களுக்குள் எப்போதோ நடந்த ஒரு கொடுமையின் மிச்சத்தில் நாம் போய்க் காலை வைத்துவிடுகிறோம். முன்கதையிலோ எல்லாமே நம்மைச் சுற்றி நடக்கிறது. படைத்தது நம்மை, அழிக்க நினைத்தது நம்மை, குகைச் சுவரில் படம் எழுதி வைத்தது நமக்காக. அவ்வளவு பெரிய ஆகாயத்தைக் கொண்டுவந்து குடும்பத் தகராறாக ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாவது புகார், அந்தக் கப்பலில் போகும் விஞ்ஞானிகள். நான் வேலை பார்த்த நாளெல்லாம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில்தான். மாதிரி எடுக்கும் பாட்டிலின் மூடியைத் திறந்த கையோடு மேஜை மேல் வைத்ததற்கு நாங்கள் வாங்காத திட்டில்லை. இங்கே பாருங்கள். மனிதன் காலடியே படாத கிரகம். ‘உள்ளே காற்று சுவாசிக்கத் தக்கது’ என்று கருவி சொன்னவுடன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். காற்று இருக்கட்டும், கிருமி? அவன் கழற்றினான் என்று மற்றவர்களும் கழற்றுகிறார்கள். பாதை வரைய என்றே பறக்கும் கருவிகளைக் கொண்டுவந்த நிலவியல்காரர்தான் வழி தெரியாமல் தொலைகிறார். கூடப் போன உயிரியல் ஆசாமி, 2,000 வருடப் பிணத்தைக் கண்டு நடுங்கி ஓடியவர், படமெடுத்து ஆடும் பாம்பு மாதிரி ஜந்துவை “வாடா கண்ணு” என்கிற பாவனையில் தடவிக் கொடுக்கப் போகிறார். தலைவர்? வேற்றுலக ஜீவன் இருந்ததற்கு ஆதாரம் கிடைத்த அன்றே, உயிரோடு ஒருவரும் இல்லையே என்று விரக்தியில் குடிக்க உட்கார்ந்துவிடுகிறார்.

‘கற்பனைக் கதைதானே, லாஜிக் பார்க்கலாமா’ என்பார்கள் சின்னவர்கள். கிரகம் கற்பனையாக இருக்கலாம், வேலை தெரிந்தவன் வேலை செய்யும் விதம் கற்பனை இல்லை. 1979 படத்தில் இருந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, ஏறக்குறைய லாரி ஓட்டுகிறவர்கள் மாதிரி. சம்பளத்துக்கும் போனஸுக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் முகத்தில் ஜந்து ஒட்டிக்கொண்ட ஆளைத் தூக்கிக்கொண்டு வரும்போது, ரிப்ளி என்ற அந்தப் பெண் கதவைத் திறக்க மறுக்கிறாள். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், அது விதி என்கிறாள். அவள் பேச்சை மீறி வேறொருவன் திறந்ததால்தான் அத்தனை சாவும். சரியாக வேலை செய்தும் சாகிறார்களே என்பதுதான் பதற வைக்கிறது. முட்டாள் செத்தால் யாருக்குப் பதற்றம்?

அதற்காகப் படத்தில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பாவம். ஐஸ்லாந்து அருவியில் தொடங்கும் முதல் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். கதாநாயகி தன் வயிற்றைத் தானே இயந்திரத்தில் அறுத்துக்கொள்ளும் காட்சியில் என் வீட்டம்மாள் எழுந்து போய்விட்டாள். அந்த இயந்திரம் ஆண்களுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது என்று போகிற போக்கில் ஒரு தகவல் வரும், யாருக்காக அது கப்பலில் இருக்கிறது என்பது பிறகுதான் புரியும். அது நல்ல எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே டேவிட். மனித உருவில் இருக்கும் இயந்திரம், மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தது. எல்லாரும் தூங்கும் பயணத்தில் அவன் மட்டும் தனியாக நடமாடி, ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்து பீட்டர் ஓ’டூல் மாதிரி தலைமுடி வைத்துக்கொள்கிறான். என்னை ஏன் படைத்தீர்கள் என்று அவன் கேட்க, முடிந்தது, செய்தோம் என்கிறார் விஞ்ஞானி. உங்களைப் படைத்தவரும் இதையே சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று அமைதியாகத் திருப்பிக் கேட்கிறான். படம் முழுக்க இந்தத் தரத்தில் இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு, வேலண்ட் என்ற கிழக் கோடீஸ்வரர். இந்தப் பயணத்துக்கே பணம் போட்டவர். படைத்தவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்க வேண்டும் என்று ரகசியமாகக் கப்பலிலேயே வந்திருக்கிறார். எவ்வளவு பெரிய கரு! அதற்குப் போய் 44 வயது கை பியர்ஸின் முகத்தில் ரப்பரை ஒட்டி நடிக்க வைத்தார்கள். சுருக்கம் இருக்கிறது, முதுமை இல்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறோமே, அது அந்த உடம்புக்குத் தெரியவில்லை. படைத்தவன் அவரை அடித்துப் போடும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதே ஸ்காட் 1982இல் ‘பிளேட் ரன்னர்’ படத்தில், தன்னைச் செய்தவனிடமே போய் ஆயுளை நீட்டித் தரக் கேட்கும் ஒருவனைக் காட்டியிருக்கிறார். ருட்கர் ஹவர் நடித்த அந்தக் காட்சிக்கு ஓர் அறையும் இரண்டு முகங்களும் போதுமானதாக இருந்தன.

2017இல் ‘ஏலியன்: கவனன்ட்’ என்று இதற்கும் ஒரு தொடர்ச்சி வந்தது. மிச்சமிருந்த ரகசியத்தையும் அது விடவில்லை. அந்த ஜந்துவைச் செய்ததே நம் டேவிட்தான் என்கிற மாதிரி முடித்திருக்கிறார்கள். முதல் கதை நடப்பதற்குச் சுமார் இருபது வருடங்கள் முன்பு செய்த ஜந்து, எப்போதோ கல்லாகிவிட்ட பிரேதத்தின் விலாவை எப்படி உடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தேன்.

மூன்றையும் இதுவரை பார்க்காதவர்கள் 1979 படத்தை மட்டும் முதலில் பாருங்கள், ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு. மற்ற இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஆசனத்தில் இருப்பது யார் என்று நீங்களே கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருங்கள்.