கோடாரிக் காம்புக்காக ஒரு வழக்குரை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஒருவனைப் பழிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள்ளன. அவற்றுள் படித்தவரும் பாமரரும் ஒருங்கே எடுத்தாளும் சொல் 'கோடாரிக் காம்பு' என்பது. தன் குலத்தையே அழிக்கத் துணை போகிறவன் என்று அதற்குப் பொருள். இரும்பு மட்டும் தனியே வந்திருந்தால் மரங்கள் அஞ்ச வேண்டியதில்லையாம். மரத்தில் பிறந்த காம்பு அதற்குக் கை கொடுத்ததால்தான் காடு அழிந்ததாம். மேடைப் பேச்சாளர் முதல் வீட்டுப் பாட்டி வரை இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டனர். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் காம்பின் தரப்பில் வாதாட ஒருவராவது வேண்டாமா? அந்தப் பொறுப்பை இக்கட்டுரையில் நான் ஏற்கிறேன்.

நண்பர்கள் நகைக்கலாம். எரிவாயு அடுப்பு வந்துவிட்ட காலத்தில், மரம் அறுக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் காலத்தில், கோடாரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விறகுக் கடைக்கோ கரிமூட்டத்துக்கோ ஒருமுறை சென்று பார்த்தால் விடை கிடைக்கும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் தென்னைகள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த வேளையில் வீட்டு இறவாரத்தில் செருகிக் கிடந்த கோடாரிக்கும் அரிவாளுக்கும் இருந்த மதிப்பை, அதைக் கண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோடாரி என்றதும் நம் கண் இரும்பின் மேல்தான் விழுகிறது. வரலாறும் அப்படித்தான். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். பழைய கற்காலத்துக் கைக்கோடாரிகள் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தவை. அவற்றுக்குக் காம்பு கிடையாது. புதிய கற்காலத்து மனிதன் கல்லை வழவழவென்று தேய்த்ததோடு நிற்கவில்லை. அதை ஒரு கழியில் பொருத்தினான். அவன் கை இரண்டு அடி நீண்டது! ஆனால் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் காண்பது கல்லை மட்டுமே. காம்பு மண்ணோடு மண்ணாயிற்று. ஆகவே கோடாரியைக் கண்டுபிடித்த பெருமை முழுவதும் கல்லுக்கும் இரும்புக்கும் போய்ச் சேர்ந்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெட்டும் பொருளின் இயக்க ஆற்றல் நிறையைப் பொறுத்து நேர்விகிதத்திலும், வேகத்தைப் பொறுத்து இருமடி விகிதத்திலும் உயரும். இரும்பை இரண்டு மடங்கு கனமாக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. வேகத்தைத் தருவது எது? காம்பின் நீளம். ஒன்றரைக் கிலோ தலையும் இரண்டரை அடிக் காம்பும் கொண்ட கோடாரி, கட்டையான காம்பில் மாட்டிய கனத்த இரும்பைக் காட்டிலும் நன்றாக வெட்டுவதன் இரகசியம் இதுதான். வேலை செய்கிறவரும் விரைவில் களைப்பதில்லை. ஒரு கையால் பிடித்துச் சுள்ளி வெட்டும் சிறுகோடாரிக்கு ஓர் அடிக்குச் சற்று மேலே, பதினைந்து அங்குலம் போதும். அதற்கு மேல் நீண்டால் அது கைக்கு அடங்காது.

இப்பொழுது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இரும்புக் கடையில் கோடாரி கேட்டால் இரும்புக் குழாயைக் காம்பாகப் பற்றவைத்த கோடாரியை எடுத்து நீட்டும் வழக்கம் பெருகிவருகிறது. கரையான் அரிக்காது, உடையாது, விலையும் கொஞ்சம் என்று சொல்லி விற்கின்றனர். நம்மைப் போன்றவர்கள் முகாமுக்கென்று மொத்தமாக வாங்கும்போதும் இதுவே வந்து சேருகிறது. என் கருத்தில் இது மலிவு அன்று. வெட்டுகிறவரின் முழங்கையிலும் தோளிலும் எழுதப்படும் கடன்.

குழாய் உருண்டையானது. இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் இதில்தான் ஆபத்து இருக்கிறது. நல்ல மரக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவில் இருக்கும். அதைப் பிடித்தவுடன், கண்ணால் பாராமலே, கோடாரியின் வாய் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். உருண்டைக் குழாய் எதையும் தெரிவிப்பதில்லை. வியர்த்த கையில் அது இலேசாகத் திரும்பிக்கொள்ளும். வாய் கோணலாக விழுந்தால் மரத்தில் இறங்காமல் வழுக்கி வரும். வழுக்கி வருகிற கோடாரி தேடி வருவது வெட்டுகிறவரின் கணுக்காலைத்தான்.

அடுத்தது அதிர்ச்சி. மரம் நார்களால் ஆனது. அடி விழும்போது சற்று வளைந்து, அதிர்வின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். இரும்புக் குழாய் அதை அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். காய்ந்த புளியங்கட்டையில் பத்து அடி போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, விரல்கள் ரீங்காரமிடும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் கிடந்த குழாயை வெறுங்கையால் தொடவும் இயலாது. மரக்காம்பு உடையப்போகும் முன் பெரும்பாலும் ஒரு கீறல் விட்டு, ஒரு முனகல் கொடுத்து எச்சரிக்கும். பற்றவைத்த இடம் விட்டுப்போவது சொல்லிக்கொண்டு வருவதில்லை. விட்டுப்போனால் வெல்டிங் கடை வேண்டும், மின்சாரம் வேண்டும். மரக்காம்பு உடைந்தாலோ ஓர் அரிவாளும் ஒரு பிற்பகலும் போதும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். குறி தவறி, வாய்க்குப் பதிலாகக் காம்பின் கழுத்து கட்டையின் மேல் மோதும்போது மரக்காம்பு முறிகிறது, குழாய் தாங்கிக்கொள்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் கையில் இது அடிக்கடி நிகழும். அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் கழுத்தில் சணல் கயிற்றை இறுகச் சுற்றுவார்கள். அல்லது பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுவார்கள்.

இனி, எந்த மரம்? ஐரோப்பியர் ஆஷ் மரத்தையும் அமெரிக்கர் ஹிக்கரி மரத்தையும் போற்றுவர். நமக்கு அவை வேண்டியதில்லை. சமவெளியில் கருவேலம், உசிலை, இலந்தை, விடத்தலை, புளி. மலைப்பக்கம் வெக்காலி, தடசு. தடசைச் சடச்சி என்றும் சொல்வர். அதன் மீள்திறன் பேர்பெற்றது, வளைந்து நிமிரும். தேக்கு மரங்களுள் அரசன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசரைக் கொண்டு விறகு வெட்டலாகாது. தொடர்ந்து விழும் அடியைத் தாங்கும் தன்மை அதற்குக் குறைவு. சவுக்கு நேராக வளர்கிறதே என்று ஆசைப்படுவோர் பலர். அது காயும்போது வெடிப்பு விடும். பொதுவாகவே, நடுத்தண்டு உள்ளே அடங்கிய உருண்டைக் கழியை அப்படியே காம்பாக்கினால் இந்தத் தொல்லை வரும். தொடைப் பருமனுள்ள கட்டையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, வைரம் பாய்ந்த பகுதியில் காம்பு எடுப்பதே முறை.

'பிளந்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். வாளால் அறுத்தால் வாள் தன் இஷ்டப்படி நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லும். பிளந்தால் மரம் தன் நாரின் வழியே விட்டுக்கொடுக்கும். அந்தக் காம்பில் நார் அடி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடும். கடையில் ஆயத்தக் காம்பு வாங்குவதானாலும் இதையே பார்க்க வேண்டும். காம்பைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, நாரின் ஓட்டம் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறதா என்று நோக்க வேண்டும். வெளியேறும் இடத்தில்தான் பின்னாளில் முறியும். நடுவில் கணு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசிய காம்பைக் கண்டால் எனக்கு ஐயமே எழும். கணுவையும் கீறலையும் மறைக்கச் சாயத்தைப் போல் உதவும் நண்பன் வேறில்லை. வார்னிஷ் பூச்சும் கையில் கொப்புளம் எழுப்பும். உடைந்த கண்ணாடிச் சில்லால் அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். அது மரத்துக்குள் ஊறி இறுகும். நல்லெண்ணெய் அப்படி இறுகாமல் பிசுபிசுக்கும். வேப்பெண்ணெய் பூச்சிக்கு நல்லது; நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை மரத்தில் காம்பு போட்டால் சில வாரங்களில் அது சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். பிளந்த துண்டின் இரு முனைகளிலும் சாணியை அப்பி நிழலில் போட்டு வைப்பது ஊர் வழக்கம். முனைகள் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்காமல் இருக்கவே அந்தச் சாணி. ஒரு கோடையாவது காய வேண்டும்.

காம்பு பொருத்தும் முறை இரண்டு. ஒன்றில் காம்பின் தலைப்பக்கம் பருத்திருக்கும். சிறுத்த பிடிப்பக்கத்தைத் துளையின் மேல்வழியாக விட்டுக் கீழே இழுப்பர். வீசும்போது தலை வெளிநோக்கிப் போக முயன்று பருத்த பக்கத்தில் தானாகவே மேலும் இறுகும். மற்றதில் காம்பைக் கீழிருந்து நுழைத்து, மேல்நுனியில் பிளவு போட்டு ஆப்பு அடிப்பர். இந்த இரண்டாவது முறையில் நம் வகுப்பில் செய்துகாட்டத் தக்க ஒரு வேடிக்கை உண்டு. கோடாரியின் தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அடிநுனியில் ஒரு கட்டையால் தட்டினால், தலை கழன்று விழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாறாக, அது காம்பின் மேல் ஏறி இறுகும். கனத்த இரும்பு தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க, காம்புதான் அதனுள் இறங்குகிறது. நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிட மலிவான சோதனை ஆய்வகத்தில் இல்லை.

தலை ஆடினால் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் பழக்கம் ஊர்தோறும் உண்டு. பெரியவர்களும் செய்கிறார்கள், ஆயினும் நான் இதை ஏற்பதற்கில்லை. ஊறிய மரம் உப்புகிறது. சுற்றிலும் இரும்பு விடாமையால் நார்கள் நசுங்குகின்றன. காய்ந்த பின் அக்காம்பு முன்னிருந்ததைவிடச் சிறுத்துவிடுகிறது. இன்று இறுகியது நாளை மறுநாள் பறக்கும். ஆப்பை மாற்றுவதே சரியான வைத்தியம்.

இரும்பைப் பற்றியும் ஓரிரு சொற்கள். எங்கள் பக்கத்துக் கொல்லாசாரிகள் பழைய லாரியின் வில்பட்டையை விரும்புகின்றனர். அதில் கரிமம் சற்றுக் கூடுதல். காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் வாய் கெட்டிப்படும். தோய்த்தபின் மறுபடி இலேசாகச் சூடேற்றி, வைக்கோல் நிறத்திலிருந்து ஊதா வரை ஏறும் வண்ணத்தைப் பார்த்துப் பதத்தை நிறுத்துவார்கள். வைக்கோல் நிறம் என்பது சுமார் 220 டிகிரி செல்சியஸ்; நீலம் சுமார் 300. வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே அறியும் அந்தப் பதத்தை, மின் சாணையில் தீப்பொறி பறக்கத் தீட்டுகிறவர் சில விநாடிகளில் கெடுத்துவிடுகிறார். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடம் மெத்தென்றாகிவிட்டது என்று பொருள். அரமும், தண்ணீர் தெளித்த சாணைக்கல்லும் போதும். ஆயுத பூஜையன்று மட்டும் கழுவிப் பொட்டு வைத்து, மீதி நாளெல்லாம் மழையில் கிடத்துவதும் பூஜை ஆகாது.

இனி நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் வெட்டுவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றுமாறு உத்தரவிட்டபோது அதன் பெயர் நாளேடுகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். வெட்டிய கட்டையெல்லாம் விறகுக்கும் கரிக்கும் போகிறது. அதன் வைரமோ உறுதியானது. காயும்போது அதிகம் சுருங்குவதுமில்லை. கோணல் மாணலாக வளர்வதால் இரண்டரை அடி நேராகக் கிடைப்பது அரிது. ஆனால் சிறுகோடாரிக்கு வேண்டிய பதினைந்து அங்குலம் ஒவ்வொரு மரத்திலும் தேடினால் கிடைக்கும். காம்புக்காக மரம் அழிகிறது என்ற பழிக்கும் இங்கே இடமில்லை. தன் குலத்தை வெட்டத் தானே காம்பாக வருவதென்றால், அதற்கு இதைவிடத் தகுந்த மரம் ஏது?

ஆகவே அடுத்த முறை குழாய்க் கோடாரிக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன், கொல்லுப்பட்டறையில் காம்பில்லாத தலைகளுக்கு மட்டும் விலை கேட்கலாம். வரும் முகாமில் வெட்டும் கட்டைகளில் நேரான துண்டுகளை ஒதுக்கிப் பிளந்து, முனைகளில் சாணி அப்பி, விளையாட்டுப் பொருள் அறைக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்தில் அடுக்கிவிடலாம். அங்கே வெயில் படாது. கோடை விடுமுறை முழுவதும் காய்ந்தால் ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது செதுக்கத் தொடங்கலாம். செதுக்கக் கற்றுக்கொடுக்க எங்கள் ஊரிலிருந்து ஒருவரை அழைத்துவர நான் தயார்; அவருக்கு ஒரு நாள் கூலி மட்டும் தர வேண்டியிருக்கும்.