வெற்றி பெறாத வீரருக்கும் ஊதியம்: இந்திய சாலை சைக்கிள் ஓட்டத்துக்குத் தேவை தொழில்முறை அணிகள்

திருப்பதி: மகாராஷ்டிராவில் 2026 ஜனவரி 19 முதல் 23 வரை முதன்முறையாக நடைபெற்ற புனே கிராண்ட் டூர் சைக்கிள் பந்தயம், இந்தியச் சாலைகளிலும் சர்வதேசப் போட்டியை நடத்த இயலும் என்பதை நிரூபித்தது. 437 கிலோமீட்டர் தொலைவு கொண்ட அப்பந்தயத்தில், சீனாவின் லி நிங் ஸ்டார் அணிக்காகக் களமிறங்கிய நியூசிலாந்து வீரர் லூக் மட்ஜ்வே பட்டம் வென்றார். இந்தியாவுக்கு அடுத்த தேவை, அத்தகைய தொழில்முறை அணிகளே.

சாலைப் பந்தயத்தில் மேடையேறுபவர் ஒருவர். அவரை அங்கு கொண்டு சேர்ப்பது அணி. சக வீரர்கள் முன்னால் சென்று எதிர்க்காற்றைத் தாங்குகின்றனர். தண்ணீர் எடுத்து வந்து கொடுக்கின்றனர். தேவைப்பட்டால் தமது சக்கரத்தையே கழற்றித் தருகின்றனர். இவர்களின் உழைப்பு முடிவுப் பட்டியலில் தெரிவதில்லை.

சிக்கல் இங்குதான் எழுகிறது. இந்திய சைக்கிள் வீரர்களின் வாழ்வாதாரம் ரயில்வே, ராணுவம் போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளையே பெரிதும் சார்ந்துள்ளது. அப்பணிகளுக்குப் பதக்கமே முக்கியத் தகுதி. எனவே, பிறருக்காக உழைக்க இளம் வீரர் தயங்குவது இயல்பு. தொழில்முறை ஒப்பந்தமோ அந்த உதவிக்கே ஊதியம் அளிக்கிறது.

பாதை உண்டு, படிக்கட்டு இல்லை

களத்துக்குப் பஞ்சமில்லை. திருமலைக்கு ஏறவும் இறங்கவும் தனித்தனி மலைப்பாதைகள், சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில் மொகிலி மலைச்சாலை, மதனப்பள்ளி அருகே ஹார்ஸ்லி குன்று எனப் பழைய சித்தூர் மாவட்டம் முழுவதும் ஏற்றங்கள் உள்ளன. ஆனால், அங்கு பயிற்சி பெறும் இளைஞர் அடுத்து ஏறுவதற்கான படிக்கட்டு உள்நாட்டில் வலுவாக இல்லை.

சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியத்தின் மூன்றாம் நிலையான கான்டினென்டல் பிரிவு அத்தகைய முதல் படியாக அமையலாம். 10 முதல் 16 வீரர்களைக் கொண்ட இவ்வணிகளில், பதிவு செய்யும் நாட்டைச் சேர்ந்தவர்களே பெரும்பான்மையினராக இருக்க வேண்டும். எனினும், மேல் இரு பிரிவுகளில் உள்ளது போல ஆடவர் கான்டினென்டல் அணிகளுக்கு ஒன்றியம் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கவில்லை. ஆகவே, ஒப்பந்தத்தில் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் உறுதி செய்யப்படாவிட்டால், அணி என்பது சீருடையோடு நின்றுவிடும்.

தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

ஊதியம் தொடர்ந்து கிடைப்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன்-குபேகா, 2015-ல் டூர் டி பிரான்ஸில் பங்கேற்ற முதல் ஆப்பிரிக்க அணி. அதன் எரித்ரிய வீரர் டேனியல் டெக்லஹைமனோட், அவ்வாண்டு மலையேற்றத்தில் முன்னிலை பெறுபவருக்கான புள்ளிச் சட்டையை அணிந்தார். ஆயினும், போதிய விளம்பர ஆதரவு கிட்டாமல், 2021 இறுதியில் அவ்வணி உயர்மட்டப் பிரிவிலிருந்து வெளியேறியது.

சாதனை இருந்தும் ஒரு புரவலரின் விலகல் அணியைக் கலைத்துவிடும் என்பதே இதன் பாடம். இந்தியாவில் புதிதாக உருவாகும் எந்த அணியும் முதல் பந்தயத்துக்கு முன்பே, சில ஆண்டுகளுக்கான நிதியை உறுதி செய்துகொள்வது அவசியம். பிறருக்காகக் காற்றைத் தாங்கும் வீரருக்கு அடுத்த ஆண்டும் ஊதியம் உண்டு என்ற நிலையே அணியின் உண்மையான பலமாகும்.