காற்று இலவசம்தான்... கம்ப்ரசர்?

சென்னைப் புறநகரில் ஒரு பங்க்சர் கடை. ஸ்கூட்டரை நிறுத்திய அப்பா, மகளின் ஏர் ரைஃபிளில் இருந்து கழற்றிய சிலிண்டரை நீட்டினார். முந்தைய வாரம்தான் ரைஃபிளை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்.

"தம்பி, இதுக்குக் கொஞ்சம் காத்து பிடிக்கணும்."

கடைக்காரர் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். "200 பார்னு போட்டிருக்கே சார்! என் மிஷின் பத்தைத் தாண்டாது. இதை மாட்டினா, இதுக்குள்ள மிச்சம் இருக்கிற காத்துதான் என் மிஷினுக்கு வரும்."

பின்சீட்டில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மகள் முணுமுணுத்தாள். "கோச் சார்கிட்ட கேட்கலாம்னு அப்பவே சொன்னேன்லப்பா..."

அன்று இரவே அப்பா போனில் கம்ப்ரசர் தேட ஆரம்பித்தார். கையடக்க மிஷின் முதல் இரண்டு பேர் தூக்க வேண்டிய மிஷின் வரை வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் '300 பார்' என்று கொட்டை எழுத்து. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எதை வாங்குவது?

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். 2012 லண்டனில் அதே பிரிவில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கங்கள் குவித்தவர். இவர்களைப் பார்த்து ரேஞ்சுக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். போனபிறகுதான் துப்பாக்கி வாங்கினால் போதாது, அதற்குக் காற்றும் வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரிகிறது.

200 பார் என்றால் எவ்வளவு?

கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். வீட்டு கேஸ் சிலிண்டருக்குள் சாதாரண வெப்பநிலையில் இருப்பதே 10 பாருக்குக் குறைவுதான். போட்டிக்கான ஏர் ரைஃபிள் சிலிண்டரில் அடைப்பது 200 பார். டயரைப் போல ஏறத்தாழ 90 மடங்கு! 'காற்றுதானே' என்று அலட்சியமாக இருக்க முடியாத அழுத்தம் இது.

எல்லா மிஷினும் 300 பார் தொடும் என்பதால், கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு பார்?' அல்ல. 'எவ்வளவு உலர்ந்த காற்று தரும், எவ்வளவு நேரம் சூடாகாமல் ஓடும்?' என்பதே. கம்ப்ரசரின் ஆயுளும் துப்பாக்கியின் ஆயுளும் இந்த இரண்டில்தான் இருக்கின்றன.

காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரி வெயிலும் 75 சதவிகித ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், 7 லிட்டர் டேங்கைக் காலியில் இருந்து 200 பாருக்கு நிரப்பினால் சுமார் 1,400 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். அந்தக் காற்றில் இருக்கும் நீராவியைக் கணக்கிட்டால் 30 கிராமுக்கு மேல் வருகிறது. அதாவது, இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர்!

காற்றை அழுத்தி, அது ஆறும்போது அந்த நீராவி தண்ணீராக மாறும். அதை வழியிலேயே பிடித்து வெளியேற்றாவிட்டால் டேங்குக்கும், அங்கிருந்து துப்பாக்கிக்கும் போய்விடும். துப்பாக்கிக்குள் ரெகுலேட்டர் என்ற பாகம் உண்டு. 200 பாரைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்தைத் தருவது அதன் வேலை. அங்கே துருவும் அழுக்கும் சேர்ந்தால் குண்டின் வேகம் ஒரே சீராக இருக்காது. ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். பிள்ளை சரியாகத்தான் சுடும், ஆனால் ஸ்கோர் இறங்கும். திட்டு விழுவது என்னவோ பிள்ளைக்குத்தான்!

எனவே, ஃபில்டரைப் பாருங்கள். வெறும் பஞ்சு வைத்த குழாய் போதாது. ஈரத்தை உறிஞ்சும் 'மாலிக்யூலர் சீவ்' மணிகளும், எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரியும் கொண்ட ஃபில்டர் நல்லது. அந்த கேட்ரிட்ஜை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது இங்கே கிடைக்குமா என்றும் கேளுங்கள். தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட வால்வு இருக்க வேண்டும். ஓடும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைத் திறந்துவிடும் பழக்கமும் வேண்டும்.

35 மடங்கு வித்தியாசம்

அடுத்தது சூடு. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே அந்தச் சூடு பல மடங்கு. அதனால்தான் பெரிய கம்ப்ரசர்கள் மூன்று கட்டமாக அழுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் காற்றை ஆறவைக்கின்றன.

எந்த மிஷின் உங்களுக்கு என்பதை எதை நிரப்பப் போகிறீர்கள் என்பது முடிவு செய்யும். 200 மில்லி கொள்ளளவு உள்ள துப்பாக்கி சிலிண்டரை 100 பாரில் இருந்து 200-க்கு ஏற்ற சுமார் 20 லிட்டர் காற்று போதும். கார் பேட்டரியில் ஓடும் சின்ன மிஷினே இதைச் செய்துவிடும். 7 லிட்டர் டேங்கை 200-ல் இருந்து 300 பாருக்கு ஏற்றவோ ஏறத்தாழ 700 லிட்டர் வேண்டும். 35 மடங்கு! சின்ன மிஷினிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பிஸ்டன் சீல்கள் எரிந்துபோகும். 'மிஷின் மட்டம்' என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

இரண்டுக்கும் நடுவில், வாளித் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிரவைக்கும் மிஷின்கள் உண்டு. அதற்கு பவர் பிளக் வேண்டும், இன்வெர்ட்டர் தாங்காது. அபார்ட்மென்ட்டில் சத்தத்தையும் யோசியுங்கள். தினமும் பல துப்பாக்கிகளுக்கு டேங்க் நிரப்பும் ரேஞ்சுக்குத்தான் ஸ்கூபா டைவிங்குக்குப் பயன்படும் ரக கம்ப்ரசர் பொருந்தும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் மிஷின் என்றால் அந்த 700 லிட்டரை ஏழே நிமிடத்தில் முடித்துவிடும்.

வாங்கும் முன் கேளுங்கள்

* குறித்த அழுத்தம் வந்ததும் தானாக நிற்குமா?
* அழுத்தம் எல்லை மீறினால் தானே கிழிந்து காற்றை வெளியேற்றும் பர்ஸ்ட் டிஸ்க் இருக்கிறதா?
* தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், எவ்வளவு ஓய்வு தர வேண்டும்?
* ஓ-ரிங், பிஸ்டன் சீல், ஃபில்டர் எல்லாம் உள்ளூரில் கிடைக்குமா? ரிப்பேர் பார்ப்பது யார்?

கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

வெல்டிங் கடையில் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜனோடு துளி எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் வெடிக்கும். கம்ப்ரசருக்கு, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் அழுத்தத்திலும் சூட்டிலும் தீப்பிடிக்கலாம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் ஸ்பேனரால் திருகக் கூடாது. நிரப்பி ஆறியதும் முள் சற்று இறங்கும். அதை ஈடுகட்ட எல்லைக்கு மேல் ஏற்றவும் கூடாது.

இந்தியாவில் அரை லிட்டருக்கு மேற்பட்ட கேஸ் சிலிண்டர்கள் மத்திய அரசின் சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' அமைப்புதான் இதைக் கவனிக்கிறது. டேங்க் வாங்கினால் அதன் கழுத்தில் பதித்திருக்கும் அனுமதி விவரத்தையும் சோதனைத் தேதியையும் பாருங்கள். தேதி தாண்டிய டேங்கை மறுபடி சோதிக்காமல் நிரப்பக் கூடாது.

மறுநாள் மாலை அப்பாவும் மகளும் ரேஞ்சுக்குப் போனார்கள். குறித்து வைத்திருந்த கம்ப்ரசர் பட்டியலை அப்பா நீட்ட, கோச் அதை வாங்கவில்லை. சிலிண்டரைத்தான் வாங்கினார்.

"தேதி பார்த்தீங்களா சார்?"

"என்ன தேதி?"

மகள் குனிந்து படித்தாள். தயாரித்த வருடம் அதில் பொறித்திருந்தது. "பத்து வருஷம் தாண்டிடுச்சுப்பா..."

"இந்த கம்பெனி பத்து வருஷம்தான் சார் கெடு வெச்சிருக்கு. போட்டியில செக் பண்ணும்போது வெளிய எடுத்து வெச்சிடுவாங்க. அதைவிட, இதுல 200 பார் ஏத்தி பாப்பா கன்னத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கணுமா?"

அப்பா பங்க்சர் கடையை நினைத்துக்கொண்டார். நல்லவேளை, அந்த மிஷின் பத்தைத் தாண்டவில்லை.

"முதல்ல புது சிலிண்டர் வாங்குங்க" என்றார் கோச். "ஒரு தடவை நிரப்பினா 200 ஷாட்டுக்கு மேல வரும். பாப்பா வாரத்துக்கு மூணு நாள்தான் வர்றா. காத்தை இங்கேயே பிடிச்சுக்கலாம். தினமும் வீட்டுல பிராக்டீஸ் பண்ற நிலைமை வரட்டும், அப்போ கம்ப்ரசர் பத்திப் பேசலாம்."

அப்பா பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் பங்க்சர் கடையில் நிறுத்தி, ஸ்கூட்டருக்கு மட்டும் காற்று பிடித்தார்கள்.