பாலாற்றுத் தீர்ப்பும் நம் சாயத் தொட்டியும்

பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, ‘அது ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் கவலை’ என்று நம்மில் பலர் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் நம் பக்கத்துக் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் நாம் நூல் அலசிவிடும் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் சரிகிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பேசியது தோல் பதனிடுவோரைப் பற்றி என்பது உண்மை. ஆனால் இழப்பீட்டைக் கட்டியதும் கணக்குத் தீராது, கெட்ட மண்ணும் நீரும் சீராகும்வரை கெடுத்தவர் பொறுப்பு தொடரும் என்று அது சொன்னதில் தோலுக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று என்று இல்லை.

இந்த இதழ் தீர்ப்பை வரவேற்கிறது. 1996 ஆகஸ்ட் 28-இல் இதே வழக்கின் முதல் பெரிய தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் கழித்தும் உழவர் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடு என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் ‘இன்னும் கொஞ்சம் அவகாசம்’ என்று கேட்க நமக்கு வாய் வரக்கூடாது.

தொழில் தெரிந்தவர்களுக்குள் ஒளிக்க எதுவும் இல்லை. கோறாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து வடிக்கும்போது கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் வரை தண்ணீரோடு போகிறது. நிறமில்லாத தண்ணீர் என்பதால் அதைத் தெருச் சாக்கடையில் விட யாரும் தயங்குவதில்லை. ஊர்க்காரர் கண்ணுக்குச் சிவப்பும் நீலமும்தான் அழுக்கு. உயிர்வளித் தேவையை அளந்தால் இந்த வடிநீர்தான் முதல் குற்றவாளி. அடர் நிறத்துக்கு எடுக்கும் உலோகக் கலவைச் சாயங்கள் பலவற்றில் குரோமியம் இருக்கிறது. தோல்காரரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் அலமாரி டப்பாக்களின் லேபிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

வடிநீர், சாயநீர், அலசுநீர் மூன்றையும் தனித்தனியாகப் பிடித்தாலே பாதி வேலை முடியும். அலசுநீரை அடுத்த வடிப்புக்கு எடுக்கலாம். அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சாயத்தை நூலிலேயே ஏற்றிவிட்டால் தொட்டியில் மிச்சம் குறையும். செரிசின் வடிநீருக்கு மட்டும் பொதுத் தொட்டி வேண்டும். அதற்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் ஊர் சம்மதிக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து நாம் வேறுபடுவது இங்கேதான். அங்கே சாய ஆலை ஒரு பக்கம், ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி உழவர் மறுபக்கம். முள்ளிப்பட்டில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் குறைசொல்லும் வீட்டிலேயே தறி ஓடுகிறது. பாவு போடுகிறவர், நூல் முறுக்குகிறவர், சாயம் போடுகிறவர் எல்லாரும் ஒரே தெரு. ஆகவே இங்கே எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவையில்லை, எல்லாரையும் கூட்டி உட்கார்ந்து செலவைப் பங்கு போட வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறோம், சலிக்காமல் மறுபடி எழுதுகிறோம். புடவை விலைப் பட்டியலில் பட்டு இருக்கிறது, ஜரிகை இருக்கிறது, நெசவுக் கூலி இருக்கிறது, கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக் கூலி இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பைசா இல்லை. வெள்ளி விலை ஏறினால் மறு வாரமே ஜரிகை ஏறுகிறது, புடவையும் ஏறுகிறது, கடைக்காரர் முணுமுணுத்துவிட்டு வாங்குகிறார். சாயக்காரர் கூலியில் ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டால் மட்டும் ‘காஞ்சிபுரத்தில் போட்டுக்கொள்கிறேன்’ என்று பதில் வருகிறது. ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கி விலை சொல்கிறோம். அந்தப் புவியின் தண்ணீர் யார் கணக்கில் கெடுகிறது? அரைக் கிலோவுக்கு முன்பின் பட்டு பிடிக்கும் ஒரு புடவையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு, ஜரிகை விலையின் ஒரு மாத ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும் என்பது எங்கள் துணிபு.

அரசுத் துறைகளுக்கும் இதில் அக்கறை இல்லை. தறியை எண்ண ஒரு துறை, தண்ணீரை அளக்க ஒரு துறை, சாயத் தொட்டிக்காரனைக் கேட்க எவரும் இல்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம், அது சரி. அதே நூலைக் கொதிக்கவைப்பவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்? ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசுத் தொழில் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டின் 213-ஆம் எண் அரசாணையை எடுத்து ஆரணி வரைபடத்தின் மீது வைத்துப் பாருங்கள், மிஞ்சும் பட்டறைகளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். மாற்றிடம் எங்கே என்றால் பதில் இல்லை. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வந்தது. ஏற்றுமதி டாலர் பேசியது, கோப்பு நகர்ந்தது. கல்யாணப் புடவைக்கு அந்தக் குரல் இல்லை. போதாக்குறைக்கு நம் மாவட்ட ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். இடம் கேட்டுப் போனால் யாரிடம் போவது?

ஆனாலும் மே 1 அன்று கிராம சபை கூடும். அதற்குள் முள்ளிப்பட்டுச் சாயக்காரர்களும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் உட்கார்ந்து இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொண்டுபோக வேண்டும்: வடிநீர்த் தொட்டிக்கு ஊராட்சி நிலம், விலைப் பட்டியலில் தண்ணீருக்குத் தனித் தொகை. முதலாவதை அரசு தர வேண்டும். இரண்டாவதை நாமே எழுதிக்கொள்ளலாம், அதற்கு எவர் கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே கேளுங்கள்.