தங்கவயலின் வாக்கு

என் ஊர் கோலார் தங்கவயல் என்று சொன்னதும் விடுதி நண்பர்கள் திரைப்படத்தை நினைவுபடுத்துவர். என் துறையினரான இயற்பியலாரோ, 1965ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடம் கண்ட ஆய்வைப் பேசுவர். ஆனால் தேர்தல் பேச்சு எழுந்தாலோ நம் மன்றத்து நண்பர்கள் பெருமூச்சு விடுகின்றனர்: "அந்தக் காலத்தில் தங்கவயல் தமிழர் ஒன்றாக நின்று தமிழ்க் கட்சிக்கு வாக்களித்தார்கள். இன்று தமிழுணர்வு மாண்டுவிட்டது; வாக்கும் சிதறிவிட்டது" என்று. இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு? சற்று ஆராய்வோம்.

முதலில் முடிவுகளைப் பாருங்கள். சட்டமன்றத்திற்கு 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியினரை அனுப்பிய தொகுதி இது. 1989இல் அண்ணா தி.மு.க. வென்றது. 1994இல் இந்தியக் குடியரசுக் கட்சி. 1999இல் மீண்டும் அண்ணா தி.மு.க.; 2004இல் மீண்டும் குடியரசுக் கட்சி. வென்றவர்கள் தமிழரே; அதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரே கட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்த மக்களின் தீர்ப்பா இது? 1991இல் காவிரிக் கலவரம் மூண்டு, கருநாடகத் தமிழர் அஞ்சி நடுங்கினர். அச்சமே வாக்கை முடிவு செய்வதாயின், அடுத்து வந்த 1994ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுக் கட்சியன்றோ வென்றிருக்க வேண்டும்? வென்றது அம்பேத்கர் வழிவந்த கட்சி.

காரணம் வெளிப்படை. ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் சுரங்கம் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவருள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் வேரூன்றியது. அவர் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா அச்சகம் இருந்ததும் அங்கேதான். செங்கொடிச் சங்கமும் அங்கே வளர்ந்தது. பாறை வெடித்துச் சுரங்கம் சரிந்த இரவில் லைன் வீட்டுக்கு ஓடி வந்தவர் யார்? நுரையீரலில் கல்தூசு படிந்தவனுக்கு இழப்பீடு கேட்டு வாதாடியவர் யார்? மக்கள் இதைத்தான் பார்த்தார்கள். அவர்கள் வாக்குக்கு மொழியும் ஒரு காரணந்தான். ஆனால் அதற்கு உருவம் கொடுத்தது சங்கம்.

இனி மாற்றத்திற்கு வருவோம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, வேலையோடு சங்கத்தின் வலிவும் போயிற்று. என் தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். என் தந்தையோ விடியுமுன் பெங்களூர் ரயிலில் ஏறுபவர். அவரைப் போல் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் போய்வருகின்றனர். ரயிலில் ஒன்றாக அமர்ந்திருந்தாலும், இறங்கியதும் ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு முதலாளி. இவர்களை ஒன்றுகூட்டிப் பேசவைக்கும் இடம் எங்கே?

இரண்டாவது மாற்றமும் உண்டு. 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் பேத்தமங்கலம் தொகுதி நீக்கப்பட்டு, அதன் கிராமங்கள் தங்கவயலோடு சேர்க்கப்பட்டன. கன்னடமும் தெலுங்கும் பேசும் உழவர் பெருமக்கள் புதிய வாக்காளர் ஆயினர். அதன்பின் 2008லும் 2013லும் பாரதிய ஜனதா வென்றது. 2018லும் 2023லும் காங்கிரசு வென்றது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு நிலைகளை ஒருசேர மாற்றிவிட்டு, விளைவுக்கு மூன்றாவதாக ஒன்றைக் காரணம் சொன்னால் ஆசிரியர் ஏற்பாரா? வேலைத்தலமும் மாறியது, தொகுதியின் எல்லையும் மாறியது. இரண்டையும் விட்டுவிட்டு 'உணர்வு மாண்டது' என்று அந்த மக்கள்மீது பழி சுமத்துவது முறையன்று.

இந்தப் பழியால் வரும் கேடு பெரிது. குறை மக்களின் உணர்வில் என்று சொல்லிவிட்டால், செய்ய வேண்டியது எதுவும் இல்லாமற் போகிறது. செய்ய வேண்டியதோ மலைபோல் நிற்கிறது. ஆம், சயனைடு கழிவு மண் மலையாகவே நிற்கிறது! காற்றடித்தால் அத்தூசு வீட்டுக்குள் வருகிறது. லைன் வீடுகளின் உரிமை, உள்ளூரில் வேலை என்று கேட்க வேண்டியவை இன்னும் பல. ஒன்றாகக் கேட்பார் இல்லாததால் எக்கட்சியும் உறுதியான விடை சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இல்லை.

பேத்தமங்கலத்தார் நமக்கு அயலாரும் அல்லர். அவ்வூர் ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது தங்கவயல். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் கேள்விக்கு வலிவு கூடும். அதற்குக் கன்னடம் நன்றாகப் பேச வேண்டும். நம்மில் பலருக்கு அது வரும்.

எனவே, தங்கவயலிலிருந்து வந்து படிக்கும் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாலு பேர் கூடுங்கள். ரயிலில் போய்வருவோரிடமும் கிராமத்தாரிடமும் பேசி, ஐந்து கேள்விகளை இரு மொழியிலும் எழுதுங்கள். அடுத்த தேர்தலில் எல்லா வேட்பாளரிடமும் அதே ஐந்தையும் கேட்டு, அவர்கள் சொல்லும் விடையை ரயில் நிலைய வாசலில் ஒட்டுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பதை மக்கள் முடிவு செய்துகொள்வார்கள். முன்பும் அவர்கள்தாம் முடிவு செய்தார்கள்.